பச்சைப்பொடி, நீலப்பொடி: மீனுக்கு மருந்து வந்த கதை

பொங்கல் லீவுக்கு ஆம்பூர் போயிருந்தேன். வீட்டுக்குள்ள நுழைஞ்சதும் பையைக் கீழே வைக்கக்கூட விடலை அக்கா பையன். "மாமா, என் மீன் மேல யாரோ உப்பு தூவிட்டாங்க" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான். வயசு எட்டு. தொட்டி வந்து பத்து நாள்தான் ஆச்சாம்.

ரெண்டடித் தொட்டி. நாலு கோல்டு ஃபிஷ், ரெண்டு பிளாக் மோலி. கறுப்பு மோலி மேலதான் தெளிவா தெரிந்தது, ஊசி முனை அளவுக்கு வெள்ளை வெள்ளையாய்ப் புள்ளிகள். கோல்டு ஃபிஷ் ரெண்டு, செதிலை உடம்போடு ஒட்ட வைத்துக்கொண்டு கூழாங்கல்லில் போய்ப் போய் உரசிக்கொண்டிருந்தன. மீன் வளர்த்தவர்கள் யாராக இருந்தாலும் பார்த்ததும் சொல்லிவிடுவார்கள்: வெள்ளைப்புள்ளி நோய். கொளத்தூரில் வாங்கி, பாலிதீன் பையில் ஆக்சிஜன் அடைத்து, சாயங்கால ரயிலில் கொண்டு வந்திருக்கிறார் மாமா (அக்கா வீட்டுக்காரர்). மார்கழிக் குளிர் வேற. புது இடம், பயணக் களைப்பு, குளிர்ந்த தண்ணி. இந்த நோய்க்கு இதைவிட நல்ல அழைப்பிதழ் கிடையாது.

கடைக்காரர் கூடவே மருந்து என்று லேபிள் இல்லாத ஒரு குட்டி பாட்டில் கொடுத்திருந்தார். உள்ளே கரும்பச்சைத் தண்ணி. மூடியைத் திறந்ததும் விரல்ல ஒரு சொட்டு பட்டது, சோப்பு போட்டும் போகலை. திண்ணையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த சித்தப்பா என் விரலைப் பார்த்துட்டு சிரிச்சார்.

"டேய், இது நம்ம பச்சைடா."

சித்தப்பா முப்பது வருஷம் தோல் ஷாப்பில் கலர் செக்‌ஷனில் வேலை பார்த்தவர். "நம்ம பச்சை" என்றால் தோலுக்குப் போடுகிற சாயம். அவர் சொன்னது வேடிக்கைக்கு இல்லை என்பது எனக்கு நல்லாவே தெரியும். கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன், பொறுத்துக்கோங்க.

2007. நான் நாலாவதோ அஞ்சாவதோ. இதே அளவுத் தொட்டி, ஆறு மீன், இதே வெள்ளைப்புள்ளி. மீன் மருந்து வாங்க அப்ப வேலூருக்குத்தான் போகணும். நான் அழுத அழுகையில் சித்தப்பா மறுநாள் ஷாப்பில் இருந்து பேப்பரில் மடித்து ஒரு சிட்டிகை பொடி கொண்டு வந்தார். மீன் மருந்தும் இதே பச்சைதான்னு யாரோ சொன்னாங்களாம். தொட்டியில் போட்டதும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எதுவுமே தெரியாத அளவுக்குப் பச்சை. காலையில் ஆறும் மிதந்தது. சித்தப்பா ரெண்டு நாள் என் முகத்தைப் பார்த்துப் பேசலை. அப்புறம் ஒரு கிரிக்கெட் பேட் வாங்கிக் கொடுத்தார். அந்தப் பேச்சு அதோடு சரி.

ஆனா பாருங்க, யாரோ சொன்னது பொய் இல்லை. மீன் மருந்தாக உலகம் முழுக்க விற்ற மாலகைட் கிரீனும், சாயக்காரர்கள் பேசிக் கிரீன் 4 என்று சொல்கிறதும் ஒரே பொருள்தான். நீல மருந்தான மெத்திலீன் புளூவுக்கு சாய உலகத்தில் பேர் பேசிக் புளூ 9. பெயரில் மாலகைட் இருக்கிறதே தவிர அந்தச் செம்புக் கல்லுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லை, நிறம் மட்டும்தான் ஒத்துப்போகும். பட்டு, காகிதம், தோல் மூணுக்கும் சாயம் ஏத்தவே வந்த பொருள். அதுவும் ஆவாரம்பட்டை, கடுக்காய் போட்டுப் பதனிட்ட தோல் என்றால் இந்த வகைச் சாயம் காந்தம் மாதிரி ஒட்டும். பட்டையில் இருக்கிற துவர்ப்புப் பொருளுக்கும் சாயத்துக்கும் எதிரெதிர் மின்னேற்றம். எங்க ஊர்ப் பக்கம் குரோமியம் வந்து உட்காருவதற்கு முன்னால் பட்டை போட்ட தோல்தான் ராஜா.

தோலுக்கு வந்த சாயம் மீன் தொட்டிக்கு எப்படிப் போச்சு? இந்தக் கதையைத் தேடிப் படிக்க ஆரம்பிச்சு, ஆபீஸ் வேலையை ரெண்டு வாரம் டபாய்ச்சாச்சு (மேனேஜருக்குத் தமிழ் தெரியாது, தப்பிச்சேன்).

கதை 1876-ல் ஆரம்பிக்கிறது. அந்த வருஷம் ஃபூக்கே என்கிற பிரெஞ்சுக்காரர், மீன் தோலுக்கு அடியில் புதைந்து வாழ்கிற ஒரு ஒற்றைச் செல் பிராணியை விவரித்து அதுக்குப் பேர் வைத்தார். இக்தியோஃப்தீரியஸ் மல்ட்டிஃபிலிஸ். வாய் சுளுக்கிக்கும். "பல பிள்ளை பெறும் மீன் பேன்" என்று வைத்துக்கொள்ளலாம். நம்ம வெள்ளைப்புள்ளி இதுதான். அதே 1876-ல் ஜெர்மனியில் பாஸ்ஃப் சாயக் கம்பெனியில் இருந்த ஹைன்ரிஷ் காரோ, பருத்திக்குச் சாயம் தேடிக்கொண்டிருந்தவர், மெத்திலீன் புளூவைத் தயாரித்தார். நோய்க்குப் பேரும் மருந்தும் ஒரே வருஷம். ஒருத்தருக்கு இன்னொருத்தரைத் தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை. மாலகைட் கிரீனும் அடுத்த ஒன்றிரண்டு வருஷத்துக்குள் வந்துவிட்டது.

சாயத்தை மருந்தாக்கிய புண்ணியவான் பால் எர்லிக். மைக்ரோஸ்கோப்பில் திசுக்களுக்குச் சாயம் ஏத்திப் பார்த்துக்கொண்டே இருந்தவருக்கு ஒரு கேள்வி வந்தது. ஒரு சாயம் சில செல்லை மட்டும் தேடிப் போய் ஒட்டிக்கொள்கிறது என்றால், கிருமியை மட்டும் தேடிப் போய்க் கொல்லாதா? 1891-ல் அவரும் குட்மானும் பெர்லினில் ரெண்டு மலேரியா நோயாளிகளுக்கு மெத்திலீன் புளூவைக் கொடுத்துப் பார்த்தார்கள். குணமானது. சாயப்பட்டறையில் பிறந்த சரக்கு ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தது அப்படித்தான். இன்றைக்கும் மீன் கடையில் விற்கிற மஞ்சள் மருந்து அக்ரிஃபிளேவினும் எர்லிக் கூடத்தில் பிறந்ததுதான். முதல் உலகப் போரில் சிப்பாய்களின் காயத்துக்குப் போட்டார்கள்.

மனுஷனுக்கு வந்துவிட்டால் மீனுக்கு வர எவ்வளவு நேரமாகும்! 1936-ல் அமெரிக்காவில் ஃபாஸ்டரும் வுட்பரியும் மாலகைட் கிரீனைப் போட்டால் மீன் மேல் படரும் பூஞ்சை ஒழிகிறது என்று எழுதினார்கள். 1972-ல் லெத்யூவும் மேயரும் அதில் ஃபார்மலின் கலந்தால் வெள்ளைப்புள்ளிக்கும் நல்லா வேலை செய்கிறது என்றார்கள். அதற்கு அப்புறம் மீன் கடையில் அந்தக் கலவையின் ஆட்சிதான். ஃபார்மலின்கூடத் தோல்காரர்களுக்குப் பழக்கமான சரக்குதான், ஃபார்மால்டிஹைடு வைத்தே சில வகைத் தோலைப் பதனிடுவார்கள். தோலைக் கெட்டுப்போகாமல் ஆக்குகிற பொருள் எல்லாமே கிருமியைக் கொல்கிற பொருள்தானே. மீனும் அதே தண்ணியில்தான் இருக்கு என்பதுதான் பிரச்சினை.

இங்கே 2007-க்குத் திரும்புகிறேன். ஃபார்மலினோடு சேர்த்துப் போடும்போது மாலகைட் கிரீன் அளவு லிட்டருக்குச் சுமார் 0.1 மில்லிகிராம். எங்க தொட்டி 50 லிட்டர். ஆக மொத்தமே 5 மில்லிகிராம். ஒரு சிட்டிகை என்பது குறைச்சலாகப் போட்டாலும் 300 மில்லிகிராம் வரும். அறுபது மடங்கு! போதாக்குறைக்கு, சாயத்துக்கு வருகிற பொடி துத்தநாகம் கலந்த உப்பாகவும் இருக்கலாம், துத்தநாகம் மீனுக்கு ஆகவே ஆகாது. மீனுக்கு என்று விற்பது துத்தநாகம் இல்லாத ஆக்ஸலேட் வகை. சித்தப்பா கொண்டு வந்தது சரியான மருந்துதான், தப்பான தராசு.

(மாலகைட் கிரீன் மீன் சதையில் நிறமில்லாத வேறு உருவத்தில் ரொம்ப நாள் தங்கும், மனுஷனுக்கும் நல்லதில்லை. அதனால் சாப்பிடுகிற மீனுக்கு அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அனுமதி கிடையாது. அழகு மீனுக்குப் போடுகிறவர்களும் கையுறை போட்டுக்கொள்வது நல்லது. என் விரல் மூணு நாள் பச்சையாகவே இருந்தது.)

அளவு சரியாகவே இருந்தாலும் பல பேருக்கு மருந்து வேலை செய்யாமல் போவதற்கு இன்னொரு காரணம் உண்டு. நாம் பார்க்கிற வெள்ளைப்புள்ளி, மீன் தோலுக்குள் பத்திரமாக மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற பிராணி. எந்த மருந்தும் அதைத் தொடாது. அது தின்று கொழுத்து, மீனை விட்டு விழுந்து, அடியில் ஒரு கூடு கட்டி, உள்ளேயே நூற்றுக்கணக்கில் பிரிந்து, குட்டிகள் நீந்தி வெளியே வரும். ரெண்டு நாளுக்குள் ஒரு மீன் கிடைக்காவிட்டால் குட்டிகள் செத்துவிடும். மருந்துக்குச் சிக்குவது இந்த நீந்துகிற கட்டம் மட்டும்தான். 25 டிகிரியில் இந்தச் சுற்று முழுக்க ஒரு வாரத்துக்குள் முடியும், குளிர்ந்த தண்ணியில் வாரக்கணக்கில் இழுக்கும். மூணாம் நாள் புள்ளி விழுந்ததும் "ஆஹா குணமாயிடுச்சு" என்று நிறுத்தினால் அடுத்த வாரம் பத்து மடங்காகத் திரும்பி வரும். ஒரு பக் தானாக மறைந்தால் அது சரியாகவில்லை என்று அர்த்தம் என்று என் டீம் லீட் சொல்வார். மீனுக்கும் பொருந்தும்.

நிற்க. 1876-க்குப் பக்கத்திலேயே இன்னொரு சம்பவம் நடந்தது. அதை மீன் வளர்க்கிறவர்கள் கிட்டத்தட்ட ஒரு நூற்றாண்டு கண்டுக்கவே இல்லை. எனக்கு இந்தக் கதையில் பிடித்த இடமே அதுதான்.

1877-ல் பாரிஸில் ஷ்லோசிங், மியூன்ட்ஸ் என்ற ரெண்டு பேர் மணலும் சுண்ணாம்புக் கல்லும் நிரப்பின நீளமான குழாயில் சாக்கடைத் தண்ணியை மெதுவாக ஒழுகவிட்டார்கள். சில வாரம் கழித்து, மேலே அமோனியாவாகப் போனது கீழே நைட்ரேட்டாக வந்தது. குளோரோஃபார்ம் ஆவியைக் காட்டினார்கள், வேலை நின்றுபோச்சு. அப்படின்னா இது வெறும் ரசாயனம் இல்லை, மணலில் ஏதோ உயிர் இருக்கு! 1890 வாக்கில் வினோகிராட்ஸ்கி அந்த பாக்டீரியாவைத் தனியாகப் பிரித்தெடுத்தார்.

மீன் விடுகிற கழிவு அமோனியா. அதுதான் தொட்டியில் முதல் விஷம். இந்த பாக்டீரியா மணலிலும் ஃபில்டரிலும் குடியேறினால்தான் மீன் பிழைக்கும், குடியேற மூணு நாலு வாரம் ஆகும். பத்து நாள் வயசுத் தொட்டியில் மீன் நோய்வாய்ப்படுவது ஏன் என்பதற்குப் பாதி பதில் இதுதான். ஆனா 1850-ல் லண்டனில் வாரிங்டன், செடி பாதி மீன் பாதி நத்தை கொஞ்சம் இருந்தால் தொட்டி தானாகச் சமநிலையில் இருக்கும் என்று சொல்லிவைத்திருந்தார். அந்தச் சமநிலைக் கதையையே ரொம்ப காலம் பிடித்துக்கொண்டு தொங்கினார்கள். 1970-ல் ஸ்டீஃபன் ஸ்பாட் மாதிரியானவர்கள் புத்தகமாக எழுதி விளக்கும் வரை, மீன் செத்தால் கை தானாகப் பாட்டிலுக்குத்தான் போகும். நீல மருந்து அந்த நல்ல பாக்டீரியாவின் வேலையையும் கெடுத்துவிடும் என்பது இன்னொரு வேடிக்கை. மருந்து ஊத்த ஊத்த அமோனியா ஏறும், மீன் மேலும் சோரும், நாம் மேலும் ஊத்துவோம்.

நம்ம ஊரிலும் தண்ணியைப் பார்த்த ஆட்கள் இருந்திருக்கிறார்கள். மெட்ராஸ் மெரினாவில் 1909-லேயே மீன் காட்சிசாலை திறந்தாச்சு, மியூசியம் எட்கர் தர்ஸ்டன் முயற்சியில் வந்தது. அதே காலத்தில் மெட்ராஸ் மீன்துறையில் இருந்த ஜேம்ஸ் ஹார்னெல், அன்றைக்கு மெட்ராஸ் மாகாணத்தில் இருந்த மேற்குக் கரையில் மீன்கள் கூட்டம் கூட்டமாகச் செத்து ஒதுங்குவதை ஆராய்ந்தார். மீனை மட்டும் அறுத்துப் பார்த்துட்டு நிற்காமல் கடல் தண்ணியை மைக்ரோஸ்கோப்பில் வைத்தார். ஒற்றைச் செல் உயிர்கள் அளவுக்கு மீறிப் பெருகியதுதான் காரணம் என்று 1917-ல் எழுதினார். கடலுக்குள் நீலப்பொடி கொட்ட முடியாது இல்லையா, அதனால் தண்ணியைப் பார்க்க வேண்டியதாப் போச்சோ என்னவோ :-)

1988-ல் வங்காளதேசம் தாண்டி வடகிழக்கு மாநிலங்களுக்குள் நுழைந்த புண் நோய் இன்னொரு உதாரணம். விரால் மீன் மேல் சிவந்த புண் வந்து சதையே அழுகும். 1991-ல் குட்டநாடு வரை வந்து, கேரளாவில் மக்கள் மீன் வாங்கவே பயந்தார்கள். பூச்சி மருந்துதான் காரணம், வைரஸ்தான், பாக்டீரியாதான் என்று ஆளுக்கு ஒன்று சொல்லி, கடைசியில் 1990-களில் அஃபனோமைசிஸ் என்கிற நீர்ப்பூஞ்சை என்று தெளிவாச்சு. அழகு மீன் வியாபாரத்திலும் அது பயணம் போயிருக்கு. நம்ம கங்கை, பிரம்மபுத்திரா பக்கத்துக் குள்ள கௌராமி, சிங்கப்பூரில் இருந்து ஜப்பானுக்கு ஏற்றுமதியானபோது இந்தப் பூஞ்சையையும் சுமந்துகொண்டு போனது. இதுக்குக் குளங்களில் கைகொடுத்த சமாச்சாரம் எது தெரியுமா? சுண்ணாம்பு. சித்தப்பாவிடம் சொன்னேன். "எங்க ஷாப்புல முதல் தொட்டியே சுண்ணாம்புத் தொட்டிதான்டா" என்றார். தோலில் இருந்து மயிரை உதிர்க்க.

சாயம், ஃபார்மலின், சுண்ணாம்பு மூணும் ஆச்சு. துவர்ப்பையும் சேர்த்துக்கோங்க. ஃபைட்டர் மீன் வளர்க்கிறவர்கள் தண்ணியில் நாட்டு வாதுமை இலையைக் காயவைத்துப் போடுவார்கள், தண்ணி டீ நிறத்துக்கு வரும், மீன் தெளியும் என்பார்கள். அந்த மரமும் தோல் பதனிடப் போடுகிற கடுக்காய் மரமும் ஒரே டெர்மினாலியா பேரினம். வேலை செய்வது ரெண்டிலும் டானின்தான்.

கடைசியாக உப்பு. வெள்ளைப்புள்ளிக்கு என் கைக்கு அடக்கமான மருந்து இதுதான். லிட்டருக்கு 2 கிராம் கல் உப்பு. கோல்டு ஃபிஷும் மோலியும் தாங்கும் (டெட்ரா, கெளுத்தி வகைகளுக்கு இது சரிப்படாது). அம்மாவின் சமையலறைத் தராசில் சித்தப்பா நூறு கிராம் நிறுத்துக் கொடுத்தார். ரெண்டு தரம் சரிபார்த்தார். நான் எதுவும் சொல்லலை.

2 கிராம் என்றால் கரைந்த உப்பு 2,000 பிபிஎம். கையில் இருந்த டிடிஎஸ் மீட்டரைச் சும்மா எங்க போர் தண்ணியில் விட்டுப் பார்த்தேன். 2,140. மீன் மருந்துக்கு நான் எடை போட்டுக் கலக்கணும்னு நினைச்ச அளவு, குழாயைத் திறந்தாலே வருது! (ஆனா அது வெறும் சாப்பாட்டு உப்பு இல்லை, வேற என்னென்னவோ. அதை நம்பித் தொட்டியில் ஊத்த மாட்டேன்.) எங்க வீட்டில் சின்ன வயசில் கப்பியும் மோலியும் மட்டும் பிழைத்ததும், ஆசையா வாங்கின நியான் டெட்ரா எல்லாம் ஒரு வாரம் தாண்டாததும் ஏன் என்று இத்தனை வருஷம் கழித்துப் புரிந்தது. மோலி உப்புத் தண்ணிக்காரி.

அந்த உப்பில் எவ்வளவு பங்கு தோலுக்கு என்று நான் பிரித்துச் சொல்ல முடியாது. ஆனா பச்சைத்தோல் கெடாமல் இருக்க அதன் எடையில் மூணில் ஒரு பங்கு அளவுக்கு உப்பு போடுவார்கள், ஊறவைக்கும்போது அது எல்லாம் தண்ணியோடு போகும். வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கில் 1996 ஆகஸ்ட் 28-ல் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பைப் படித்தேன். தோல் தொழிற்சாலைப் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விவசாய நிலம் பாதியோ முழுசோ பயிருக்கு லாயக்கில்லாமல் போச்சு, ஒரு கிலோ தோலுக்குக் கிட்டத்தட்ட 35 லிட்டர் தண்ணி செலவாகுது, உப்பு, சுண்ணாம்பு, சாயம் உட்பட சுமார் 170 வகை ரசாயனம் போடுறாங்க என்று அதில் இருக்கு. எங்க மீன் மருந்துப் பெட்டியே அந்த வரியில் இருக்கேன்னு ஒரு நிமிஷம் உட்கார்ந்துட்டேன்.

அதற்கு அப்புறம் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் பெரிசா பேசப்பட்டன. அங்கே கழிவைத் தின்பதும் பாக்டீரியாதான், காற்று ஊதி ஊதி வளர்ப்பார்கள். ரெண்டடித் தொட்டியின் ஃபில்டரைப் பெரிசு பண்ணினால் அது. ஆனா பாக்டீரியா உப்பைத் தின்னாது. அதனால்தான் பின்னால் ஆர்.ஓ. எல்லாம் வைக்க வேண்டியதாச்சு, அதனால்தான் 2025 ஜனவரி 30-லும் உச்ச நீதிமன்றம் இதே பாலாற்றுக்காக, இழப்பீடும் சீரமைப்பும் வேண்டும் என்று இன்னொரு தீர்ப்பு எழுத வேண்டியிருந்தது. எங்க வீட்டில் முப்பது வருஷம் அரிசி வந்தது இதே தோலில் இருந்துதான். அதையும் எழுதாமல் விட முடியாது.

பாலாற்றில் சின்ன வயசில் விரால் பிடித்திருக்கியான்னு சித்தப்பாவைக் கேட்டேன். "கெளுத்தி பிடிப்போம், மழை விட்டா குட்டையில நிக்கும்" என்றார். எப்ப நின்னுச்சு என்று கேட்டதற்கு யோசித்துப் பார்த்துட்டு, "தண்ணி நின்னப்பவே நின்னுச்சு" என்று பேப்பரை எடுத்துக்கொண்டார்.

தொட்டிக்கு என்ன பண்ணினேன் என்று கேட்பவர்களுக்கு: பச்சை பாட்டிலை மூடிப் பரண்மேல் வைத்தாச்சு. காவிரித் தண்ணியை ராத்திரியே பக்கெட்டில் பிடித்து வைத்து (குளோரின் போகணுமே), தினம் மூணில் ஒரு பங்கு மாற்றினோம். எடுத்த தண்ணிக்குத் தகுந்த உப்பைத் திரும்பச் சேர்த்தோம். ஹீட்டர் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக 28 டிகிரிக்கு ஏத்தினோம், காற்றுக்கல் ஒன்று கூடுதலாய். சாப்பாட்டைப் பாதியாக்கினோம், அதுதான் மருமகனுக்கு ரொம்பக் கஷ்டமா இருந்தது. மூணாம் நாள் ஒரு கோல்டு ஃபிஷ் போயிடுச்சு. மத்ததுகளுக்கு அஞ்சாம் நாள் புள்ளி உதிர்ந்தது, அவன் நிறுத்தலாம் என்றான், விடலை, பதினாலு நாள் ஓட்டச் சொல்லிட்டு பெங்களூர் பஸ் ஏறினேன். உப்பு நிறுக்கிற பொறுப்பு சித்தப்பாவுக்கு.

நேத்து போன் பண்ணினான். மூணு கோல்டு ஃபிஷ்ஷும் நல்லா இருக்காம். மோலி குட்டி போட்டிருக்காம். பதினொண்ணு எண்ணினானாம், சாயங்காலம் சித்தப்பா எண்ணும்போது ஏழுதானாம். மீதியை யார் தின்னது என்பதில் ரெண்டு பேருக்கும் இன்னும் சண்டை ஓடிக்கிட்டிருக்கு.